அரைப்படி நெல்லும் சர்க்கரை நோயும்

சர்க்கரை நோய்க்காரர்களுக்கு மருத்துவமனைகளில் ஓர் உணவுத்தாள் கொடுப்பார்கள். அதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள் தோழர்களே. காலையில் ஓட்ஸ், பதினோரு மணிக்கு ஒரு ஆப்பிள், மதியம் ஒரு கப் சோறும் இரண்டு கப் காய்கறியும், மாலையில் முளைகட்டிய பயறு, இரவில் இரண்டு சப்பாத்தி. கருவாடு இருக்காது. மாட்டுக்கறி இருக்கவே இருக்காது. நூறுநாள் வேலையில் மண் சுமக்கும் அக்கா பதினோரு மணிக்கு எங்கே உட்கார்ந்து ஆப்பிள் தின்பார் என்று அந்தத் தாள் யோசிப்பதில்லை.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. நீரிழிவு நெடுங்காலம் பணக்கார வியாதி என்றே பேசப்பட்டது. 1907-இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் வெப்பநாடுகளின் நீரிழிவைப் பற்றி விவாதித்தபோதும், உட்கார்ந்து வேலை பார்க்கும் படித்த, வசதியான வங்காளிகளின் நோயாகத்தான் அதைப் பார்த்தார்கள். நோயாளி யார் என்று நினைக்கிறோமோ அவர் வீட்டு அடுப்படிக்குத்தானே பத்தியமும் எழுதுவோம்.

ஆனால் நோய் இடம் மாறிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இண்டியாப்’ ஆய்வு 15 மாநிலங்களின் கணக்கை 2017-இல் வெளியிட்டது. தமிழ்நாடு போன்ற வளர்ந்த மாநிலங்களின் நகரங்களில், வசதியானவர்களைவிட ஏழைகளிடம்தான் சர்க்கரை நோய் கூடுதல் என்றது அது. அந்த ஏழைகளில் நம் மக்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எப்படி மாறியது? ‘அரிசிச் சோற்றை அளவில்லாமல் தின்கிறார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சரி, அந்தச் சோறு நம் தட்டுக்கு வந்த கதையைப் பார்ப்போம்.

மானாவாரி மாவட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் தின்றது கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், சோளச்சோறு. ‘நெல்லுச்சோறு’ என்று தனிப் பெயர் சொல்லித்தான் அரிசிச் சோற்றைக் குறிப்பிட்டார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருகிற சோறு அது. நெல் விளைந்த தஞ்சையில் நிலைமை இன்னும் கொடூரம். விதைத்தவர்கள், நட்டவர்கள், அறுத்தவர்கள் எல்லாம் பண்ணையாட்கள். கூலி, படியில் அளந்து போட்ட நெல். வாய் திறந்தால் சவுக்கடி, சாணிப்பால். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்களே, அவர்கள் செய்த குற்றம் என்ன? செங்கொடியின் கீழ் சங்கமாகச் சேர்ந்ததும், கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதும்தான்.

1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி ஓர் ஆட்சியையே மாற்ற உதவியது. 2008-இல் ரேஷனில் கிலோ ஒரு ரூபாய், 2011-இல் விலையில்லா அரிசி. பண்ணையார் வாசலில் போய் நிற்காமல் வீட்டில் உலை வைக்க முடிந்தது இதனால்தான். ‘இலவச அரிசி தின்று சோம்பேறியாகிவிட்டார்கள்’ என்று யாராவது சொன்னால், அவர் வருத்தப்படுவது ஆளுக்குக் கூலி ஏறிவிட்டதே என்றுதான். இந்த அரிசிக்காக நாம் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

அரிசி வந்ததை எல்லோரும் எழுதுகிறார்கள். தட்டை விட்டுப் போனவற்றைப் பற்றி எழுதுவோர் குறைவு. வயல் நண்டு, நத்தை, எலி, வரப்போரத்துப் பண்ணைக்கீரை, வேலியில் படர்ந்த கோவைக்கீரை எல்லாம் காசில்லாமல் கிடைத்த உணவு. பூச்சிமருந்து வந்தது, நண்டும் நத்தையும் குறைந்தன. புறம்போக்கு ஆக்கிரமிப்பில் போனது, கீரையும் அதோடு போனது. மாட்டுக்கறிக்கு வேறு கதை. படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் வாடகை வீடு கிடைக்காமல் போய்விடுமோ என்று அதை மறைத்தார்கள், சிலர் விட்டேவிட்டார்கள். தலித் உணவை மராத்தியில் பதிவு செய்த ஷாகு பட்டோலேயின் நூல் 2015-இல்தான் வந்தது. அவ்வளவு காலம் அது ‘சமையல்’ என்ற கணக்கிலேயே இல்லை.

அரிசியும் பழைய அரிசி இல்லை. உலக்கையால் குத்தியபோது ஓரளவு தவிடு தங்கியது, மில் அதை உரித்துவிட்டது. தீட்டத் தீட்ட அரிசியின் சத்து போகிறது, புழுக்கினால் கொஞ்சம் தங்குகிறது என்பது குன்னூர் ஆய்வகத்தில் வெள்ளைக்கார அரசு காலத்திலேயே தெரிந்த சங்கதி. அதே ஆய்வகத்தில் மெக்காரிசன் பல பகுதிகளின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, ‘மதராஸி’ உணவைக் கடைசியில் வைத்தார். எந்தத் தெருவின் மதராஸி என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

உடம்புக்கும் ஒரு நினைவு உண்டு. புனே அருகே கிராமங்களில் 1993-இல் தொடங்கிய ஆய்வில், அங்கு பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் 3.5 கிலோ. எடை குறைந்த அந்தக் குழந்தைகளிடம் தசை குறைவு. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. வயிற்றிலேயே பட்டினி பார்த்த உடம்பு பிறகு மாவுச்சத்தையே நிறையத் தின்றால் சர்க்கரையைச் சமாளிக்கத் திணறுகிறது என்பது அவர்கள் வாதம். அது தலித் குடும்பங்களை மட்டும் பார்த்த ஆய்வு அல்ல. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பட்டினி கிடந்தது யார் என்ற கேள்வியை அதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

பாபாசாகேப் சர்க்கரை நோயோடுதான் அரசியல் சட்ட வேலையை முடித்தார். 1948-இல் கால் நரம்பு வலியால் தூக்கமில்லாமல் தவித்தார். அந்த ஆண்டு ஏப்ரலில் அவர் மணந்த சவிதா ஒரு மருத்துவர். இன்சுலினையும் சாப்பாட்டையும் வீட்டிலேயே அவர் கவனித்தார். அப்படிப் பார்த்தும் 1956-இல், 65 வயதில் அவரை இழந்தோம். கவனிக்க ஆளே இல்லாத ஒரு துப்புரவுத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள்.

இப்போது தட்டுக்கு வருவோம். 18,090 பேரின் உணவை வைத்து ‘இண்டியாப்’ குழு 2022-இல் வெளியிட்ட கணக்கு இது: சர்க்கரை நோய் புதிதாக வந்தவர்கள் மாவுச்சத்தை மொத்தச் சக்தியில் பாதியளவுக்கு இறக்கி, புரதத்தை ஐந்தில் ஒரு பங்குக்கு ஏற்றினால் நோய் தணிய வாய்ப்பு அதிகம். சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. சோற்றைக் குறைத்த இடத்தில் என்ன வைப்பது என்பதுதான் கேள்வி. முட்டை, மத்தி, கொள்ளு, மொச்சை, ஒரு கை நிலக்கடலை, முருங்கைக்கீரை வைக்கலாம். கொழுப்பு நீக்கிய மாட்டுக்கறியை வாரம் ஒன்றிரண்டு நாள் அளவாகச் சாப்பிடலாம். கருவாட்டை நன்றாக ஊறவைத்து உப்பைக் கழுவ வேண்டும். இரத்தக் கொதிப்பு இருந்தால் அதையும் உப்புக்கண்டத்தையும் குறைக்க வேண்டும். கேழ்வரகு என்றாலே நல்லது என்றும் நினைக்க வேண்டாம், நைசாக அரைத்துக் காய்ச்சிய கூழ் சர்க்கரையை வேகமாக ஏற்றும். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றைக் குறைத்தால் சர்க்கரை இறங்கி மயங்கி விழ நேரும். மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்லிவிட்டு மாற்றுங்கள். சிறுநீரகம் பாதித்தவர்கள் புரதத்தைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் தொடங்கியதிலிருந்து மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல திட்டம். 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். மற்ற இடங்களில் நான்கு பேர் உள்ள முன்னுரிமை அட்டைக்கு 20 கிலோ அரிசி விலையில்லாமல் வருகிறது, துவரம்பருப்பு மட்டும் ஒரே கிலோ, அதற்கும் 30 ரூபாய். அடுத்த கிராமசபைக்கு மனு எழுதும்போது இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.