செவியும் தொலைபேசியும்

விஞ்ஞானத்தின் வரலாற்றை மேதைகளின் வரலாறாக எழுதும் மரபு இன்றும் வலுவாகவே உள்ளது. கேட்டற்புலன் பற்றிய ஆய்வு அம்மரபில் எளிதில் அடங்குவதன்று. அதன் கேள்விகள் பலவற்றைத் தொலைபேசித் தொழிலே எழுப்பிற்று.

1874இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல், பொஸ்ரன் நகரச் செவி மருத்துவர் கிளாரன்ஸ் பிளேக்கின் யோசனைப்படி, இறந்த ஒருவரின் செவியைக் கொண்டு ஒலியதிர்வுகளைப் புகையூட்டிய கண்ணாடியிற் பதியும் கருவியொன்றை அமைத்தார். மென்மையான செவிப்பறை எலும்புகளை அசைப்பதைக் கண்டமை, 1876இல் வந்த தொலைபேசிக்கான தூண்டுதல்களுள் ஒன்று. பிணத்தின் செவியை முன்மாதிரியாகக் கொண்ட கருவி பெருந்தொழிலாக வளர்ந்ததும், அத்தொழில் மீண்டும் செவியையே நாடிற்று.

ஜோர்ஜ் வொன் பெக்கேசி, புடாபெஸ்ற் நகரில் ஹங்கேரிய அஞ்சல் திணைக்களத்தின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய பௌதிகவியலாளர். தொலைபேசித் தொடர்பைச் சீர்செய்வது திணைக்களத்தின் சிக்கல். செவியின் திறனை அறியாமல் அதற்கு விடை காணல் அரிது. 1920களில் அவர் பிணங்களின் செவிகளைத் திறந்து, நத்தைச்சுருளின் அடிமென்சவ்வில் ஒலி ஓடும் அலையாகச் செல்வதையும், சுரத்துக்கேற்ப அலையின் உச்சம் இடம் மாறுவதையும் கண்டார். 1961இல் நோபல் பரிசு பெற்றார். ஆயின் உயிரற்ற சவ்வை அசைக்க மிக உரத்த ஒலி தேவைப்பட்டது. கண்ட உச்சங்களும் அகன்றவை. நெருங்கிய சுரங்களை நாம் பிரித்தறியும் கூர்மை, நரம்புக்கலங்கள் ஒன்றையொன்று அடக்குவதால் விளைவது என்று அவர் விளக்கினார்.

1930இல் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் வீவரும் பிரேயும் பூனையொன்றின் செவிநரம்பில் மின்வாயைப் பொருத்தி, அதனை வேறோர் அறையிலிருந்த தொலைபேசிக் கேட்பானுடன் இணைத்தனர். பூனையின் செவியிற் பேசியது அங்கே தெளிவாகக் கேட்டது! நரம்பைத் தந்திக் கம்பியென நம்புவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால், அம்மின்னலைவின் பெரும்பகுதி நத்தைச்சுருளின் மயிர்க்கலங்களில் தோன்றுவது என்பது சில ஆண்டுகளிலேயே தெளிவாயிற்று. மயிர்க்கலம் பேச்சை அப்படியே நரம்புக்குள் செலுத்துவதில்லை. அது இரசாயனப் பொருளொன்றை வெளியிடுகிறது. அதனால் தூண்டப்படும் நரம்புக்கலம் தனித்தனித் துடிப்புகளையே மூளைக்கு அனுப்புகிறது. செய்தி ஒருவழிப்பட்டதுமன்று. மூளைத்தண்டிலிருந்து செவிக்குத் திரும்பிவரும் நரம்பிழைகளை 1946இல் ராஸ்முசன் விவரித்தார்.

1948இல், உயிருள்ள செவி தானே சக்தியைச் செலவிட்டு அதிர்வைப் பெருக்குகிறது எனக் கேம்பிரிட்ஜில் தோமஸ் கோல்ட் வாதிட்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அது பொருட்படுத்தப்படவில்லை. இதைக் கொண்டு, தொழில்துறை விஞ்ஞானத்தைத் திரித்துவிட்டது என முடிவுகட்டுவது கொச்சைப் பொருள்முதல்வாதம். கோல்டின் கருத்துக்கும் போர்க்கால ராடார்ப் பணியிற் பெற்ற வானொலியியல் அறிவே துணைநின்றது. நடைமுறைத் தேவை கேள்வியை எழுப்பிற்று. அதே வேளை, செவியைச் செய்தி வாங்கும் கருவியாக மட்டும் காணும் எல்லையையும் வகுத்தது. இவ்விரண்டையும் சேர்த்தே நோக்கவேண்டும் என்பது எமது வாதம்.

1978இல் இலண்டனில் டேவிட் கெம்ப், மனிதச் செவித்துளையில் சிறிய ஒலிவாங்கியை வைத்துச் சொடுக்கொலியொன்றை எழுப்பினார். சில மில்லிசெக்கன்களின் பின் செவியே மெல்லிய ஒலியொன்றைத் திருப்பியனுப்பிற்று. கோல்ட் தேடியும் கிடைக்காத ஒலி அது. இன்று பல நாடுகளில் பிறந்த குழந்தைகளின் செவித்திறனைச் சோதிக்க அதுவே பயன்படுகிறது. குழந்தை உறங்கிக்கொண்டிருக்கும்போதே சோதனை முடிந்துவிடும்.