திரையில் எழுந்த நாளைய நகரம்

1927ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி பேர்லின் நகரின் பெரிய படமாளிகையொன்றிலே 'மெட்ரோபொலிஸ்' என்னும் மௌனப் படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. ஃபிரிட்ஸ் லாங் நெறிப்படுத்திய இப்படத்தின் கதை எளிது. வருங்கால நகரம் ஒன்றிலே செல்வர் வானளாவும் மாடங்களில் வாழ்கின்றனர். தொழிலாளர் நிலத்தின் கீழே வாழ்கின்றனர். தொழிலாளர் கிளர்ந்தெழுந்து இயந்திரங்களை உடைக்கின்றனர். அதனால் அவர்தம் வீடுகளே வெள்ளத்தில் மூழ்குகின்றன. ஈற்றில், நகரத் தலைவனின் மகன் நடுவே நிற்க, தலைவனும் தொழிலாளர் மேற்பார்வையாளனும் தேவாலய வாசலில் கைகுலுக்கிக்கொள்கின்றனர். மூளைக்கும் கைக்கும் இடையே இதயம் தூது செல்லவேண்டும் என்பதே படத்தின் உபதேசம்.

இவ்வுபதேசம் எத்துணை வெறுமையானது என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. உழைப்பவனுக்கும் உழைப்பைச் சுரண்டுபவனுக்கும் இடையிலுள்ள பகை ஒரு கைகுலுக்கலால் தீர்வதாயின் வரலாற்றிலே எத்தனையோ இரத்த ஆறுகள் ஓடியிரா. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. இத்தகைய கதையைச் சுமந்த படம் ஒன்று தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஏன் மறையவில்லை? விடை அதன் கட்டடங்களிலே கிடக்கின்றது. கதை மூடி மறைக்க முயன்றதைக் காட்சியமைப்பு வெளியே சொல்லிவிட்டது. விஞ்ஞானக் கற்பனைப் படங்களின் கட்டடக்கலையை இந்நோக்கில் ஆராய்வோர் சிலரே. அழகு, பிரமாண்டம், தொழில்நுட்பம் என்று வியப்பதோடு பலர் நின்றுவிடுகின்றனர்.

காட்சிகளை அமைத்தோர் ஒட்டோ ஹுண்டே, எரிக் கெட்டெல்ஹூட், கார்ல் வொல்பிரெக்ட் என்னும் மூவர். லாங் வியன்னாவிலே கட்டடத் தொழில் நடத்திய ஒருவரின் மகன். தாமும் சிறிது காலம் கட்டடக்கலை பயின்றவர். 1924 ஒக்டோபரில் கப்பலில் நியூயோர்க் துறைமுகத்தை அடைந்தபோது இரவொளியிற் கண்ட வானளாவிகளே தமக்கு இப்படத்தைத் தந்தன என்று பிற்காலத்தில் அவர் பலமுறை கூறினார். அழகான கதைதான். ஆனால் அப்பயணத்துக்கு முன்னரே அவருடைய மனைவி தேயா வொன் ஹார்பூ திரைக்கதை வேலையைத் தொடங்கிவிட்டார். நியூயோர்க் தந்தது கதையை அன்று. நகரத்தின் உருவத்தை எனலாம்.

அவ்வுருவத்துக்கும் ஒரு பொருளியல் உண்டு. மன்ஹாட்டன் தீவிலே நிலத்தின் விலை ஏற ஏறக் கட்டடமும் ஏறியது. 1915இல் எழுந்த ஈக்விட்டபிள் கட்டடம் அயற்றெருக்களையெல்லாம் நிழலில் ஆழ்த்தவே, மேலே செல்லச் செல்லக் கட்டடம் பின்வாங்க வேண்டும் என 1916இல் அந்நகரம் சட்டம் செய்தது. படிப்படியாகக் குறுகிச் செல்லும் அந்தக் கோபுர வடிவத்தை வருங்காலத்தின் முகம் என உலகம் ஏற்றுக்கொண்டது. அதைப் பெற்றெடுத்தது கலைஞனின் கனவு என எண்ணுவோர் உளர். நில உடைமையாளனின் ஆசைக்கும் நகரசபையின் அச்சத்துக்கும் இடையே நடந்த பேரத்திற்கு அதிற் பெரும்பங்கு உண்டு.

கெட்டெல்ஹூட் முதலில் வரைந்த நகரத்தின் நடுவே ஒரு பேராலயம் நின்றது. ஆலயத்தை அகற்றிப் பாபேல் கோபுரத்தை அங்கே நிறுத்துமாறு லாங் பணித்தார். அதன்பின் நகரத்தின் உச்சியில் வீற்றிருப்பது கடவுளல்ல, தொழிலதிபன். அவன் அறையின் பெருஞ்சாளரத்தினூடாக நகரம் முழுவதும் தெரிகிறது. தொழிலாளர் குடியிருப்பு மட்டும் தெரிவதில்லை. ஒரே ஒரு திருத்தத்தால் இத்தனை பொருளைச் சொல்லிவிட முடிந்தது.

இந்நகரம் எவ்வாறு திரையில் எழுந்தது என்பதும் அறியத்தக்கது. தெருக்களும் மாடங்களும் சிறு மாதிரியுருக்களாகச் செய்யப்பட்டன. பாலங்களிலே விரையும் மோட்டார் வண்டிகள் விளையாட்டுப் பொருள்களின் அளவே. அவற்றை ஒவ்வொன்றாகச் சிறிது நகர்த்தி ஒரு படச்சட்டம் பிடிப்பர். மீண்டும் நகர்த்தி அடுத்த சட்டம் பிடிப்பர். திரையிலே சில வினாடிகளுக்காகப் பலர் பல நாட்கள் உழைத்தனர். மனிதரும் மாதிரியுருவும் ஒரே காட்சியில் தோன்றவேண்டிய இடங்களில் ஒயிகன் ஷுஃப்டான் வகுத்த முறை கைகொடுத்தது. கமராவின் முன்னே ஒரு கண்ணாடியை 45 பாகை சரிவாக வைப்பர். பக்கத்தேயுள்ள மாதிரியுருவின் பிம்பம் அதில் விழும். நடிகர் தோன்றவேண்டிய பகுதியில் மட்டும் கண்ணாடியின் இரசப்பூச்சைச் சுரண்டி எடுப்பர். அதனூடாகத் தொலைவில் நிற்கும் நடிகர் தெரிவர். சிறு மாதிரியுரு மனிதனின் பக்கத்திலே மலைபோல் எழுந்து நிற்கும்.

இனி நிலத்தின் கீழே செல்வோம். படத்தின் உண்மையான ஆற்றல் அங்கேதான் இருக்கின்றது.

வேலைமுறை மாறும் காட்சியிலே இரண்டு தொழிலாளர் அணிகள் சுரங்க வழியொன்றில் எதிரெதிரே செல்கின்றன. யாவரும் கரிய உடையணிந்தோர். யாவரும் தலை குனிந்தோர். வேலைக்குச் செல்வோர் ஒரு கதியில் நடக்க, வேலை முடிந்து திரும்புவோர் அதிற் பாதிக் கதியில் கால்களை இழுத்துச் செல்கின்றனர். மின்தூக்கி என்னும் கூண்டு அவர்களை அடிநிலத்துக்கு இறக்குகின்றது. அங்கே ஒரே அச்சில் வார்த்த மாடிக் குடியிருப்புகள். நடுவே ஓர் அபாயச் சேகண்டி. ஆபரணம் என்று சொல்ல ஒரு கீற்றுக்கூட இல்லை. பேர்லினில் வாழ்ந்த எவருக்கும் இவ்வீடுகள் புதியனவாய்த் தோன்றியிரா. முற்றத்தின் பின் முற்றமாகத் தொழிலாளரை அடுக்கி வைத்த 'வாடகைப் படைமனைகள்' அந்நகரின் வடக்கிலும் கிழக்கிலும் நிறைந்திருந்தன. வெடிங் பகுதியிலிருந்த மையர்ஸ் ஹோஃப் என்னும் ஒரே தொகுதியில் முற்றங்கள் ஆறு. திரையமைப்பாளர் செய்ததெல்லாம் அவற்றை நிலத்தின் கீழே தள்ளியது மட்டுமே.

மற்றொன்று அந்தக் கடிகாரம். நகரத் தலைவனின் உலகத்திலே தொங்கும் பெருங்கடிகாரத்தின் முகத்தில் பன்னிரண்டு மணிகள் இல்லை. பத்து மணிகள் உள்ளன. தொழிலாளியின் வேலைமுறை பத்து மணிநேரம். இதனை விசித்திரமான கற்பனை என்று விமரிசகர் எழுதுவதுண்டு. ஜேர்மன் தொழிலாளி அவ்வாறு எண்ணியிருக்க மாட்டான். 1918 நவம்பர் புரட்சி அவனுக்கு எட்டு மணிநேர வேலைநாளைப் பெற்றுத் தந்தது. 1923 டிசம்பரில் பிறந்த அரசாணை வேலைநாளைப் பத்து மணிநேரம்வரை நீட்டுவதற்கு வழிதிறந்து விட்டது. படப்பிடிப்புத் தொடங்கிய 1925 மே மாதத்தில் அந்த ஆணைக்கு வயது இரண்டுகூட ஆகவில்லை. 'வருங்கால'க் கடிகாரம் உண்மையில் காட்டியது அன்றைய மணியைத்தான். அமைப்பாளர் இதை எண்ணிச் செய்தனரா என்பது முக்கியமன்று. காலம் அவர்களுடைய பென்சிலை இயக்கியது.

காட்சியமைப்பைப் பேசும்போது அதற்குள்ளே நின்ற மனிதரையும் மறந்துவிடலாகாது. 1925-26 குளிர்காலத்தில் ஜேர்மனியில் வேலையற்றோர் தொகை ஏறத்தாழ 20 இலட்சத்தை எட்டியது. அந்தப் பட்டாளத்திலிருந்தே ஊஃபா நிறுவனம் ஆயிரக்கணக்கான துணைநடிகரை நாட்கூலிக்கு எடுத்தது. பாபேல் கோபுரம் கட்டும் அடிமைகளாக நடிப்பதற்கு நூற்றுக்கணக்கானோர் தலையை மழித்துக்கொண்டனர். வெள்ளக் காட்சிக்காகப் பேர்லினின் வறிய பகுதிகளிலிருந்து அழைத்துவந்த குழந்தைகள் நாட்கணக்காகத் தண்ணீரில் நின்றனர். ஊஃபா இவற்றைப் பெருமையாக விளம்பரப்படுத்தியது. தொழிலாளரின் அவலத்தைக் காட்டும் படத்துக்குத் தொழிலாளரின் அவலமே மலிவான மூலப்பொருளாயிற்று. செலவோ 50 இலட்சம் மார்க்கை மிஞ்சியது. நிறுவனம் தள்ளாடியது. 1927இல் அதனைக் கைப்பற்றியவர் குரூப் ஆயுதத் தொழிற்சாலையின் முன்னாள் இயக்குநரும் பத்திரிகை அதிபருமான அல்பிரட் ஹுகன்பேர்க். 1933இல் ஹிட்லரின் முதல் மந்திரிசபையில் பொருளாதார மந்திரியாக அமர்ந்தவரும் இவரே. படம் ஏறத்தாழ நாலிலொரு பங்கு வெட்டப்பட்டது. வெட்டுண்ட பகுதிகளிற் பெரும்பாலானவை 2008இல் புவெனஸ் அயர்ஸ் நகரத்துச் சினிமா நூதனசாலை ஒன்றிலே கண்டெடுக்கப்படும் வரை தொலைந்தவை என்றே கருதப்பட்டன.

இதே ஆண்டுகளிலே பேர்லினின் தென்பகுதியில், பிறிட்ஸ் என்னுமிடத்தில், வேறொரு நாளைய நகரம் மெய்யாகவே எழுந்துகொண்டிருந்தது. தொழிற்சங்கங்கள் சேர்ந்து நிறுவிய வீடமைப்புச் சங்கம் ஒன்றுக்காகப் புரூனோ டவுட், மாட்டின் வாக்னர் ஆகிய இருவரும் 1925இல் அங்கே தொழிலாளர் குடியிருப்பைக் கட்டத் தொடங்கினர். குதிரை இலாட வடிவிலே ஒரு குளத்தைச் சூழ்ந்த மூன்று மாடி வீடுகள். ஒவ்வொன்றுக்கும் வெயில், தோட்டம், பளிச்சென்ற வர்ணம். டவுட் முன்னொருகாலத்தில் பளிங்குக் கோபுரங்களையும் நகரத்துக்கு முடிசூட்டும் பெருமண்டபங்களையும் கனவு கண்டு வரைந்தவர்தாம். அவர் அக்கனவை விட்டிறங்கிக் குளியலறையையும் சமையலறையையும் பற்றிச் சிந்திக்கத் தலைப்பட்ட வேளையில், அவர் கைவிட்ட கோபுரங்களைச் சினிமா எடுத்துக்கொண்டது. லாங்கின் நகரத்திலே தொழிலாளி தன் வீட்டைத் தானே திட்டமிடக்கூடும் என்ற எண்ணத்துக்கு இடமில்லை. அழிக்க மட்டுமே அவனுக்குத் தெரியும். நாஜிகள் அதிகாரத்துக்கு வந்தபின் டவுட் யப்பானுக்கும் பின்னர் துருக்கிக்கும் சென்று 1938இல் இஸ்தான்புல்லில் காலமானார். லாங்கும் 1933இல் நாட்டை விட்டு வெளியேறினார். தேயா வொன் ஹார்பூ அங்கேயே தங்கி அவ்வாட்சியின் கீழ்ப் படங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

நிலவறைத் தொழிலாளர் லாங்கின் கண்டுபிடிப்பும் அன்று. 1924இல் சோவியத் நாட்டில் யாக்கொவ் புரோத்தசானொவ் எடுத்த 'அயெலீத்தா' செவ்வாய்க் கிரகத்தின் தொழிலாளரை நிலத்தின் கீழே வைத்தது. இசாக் ரபினோவிச் அமைத்த அரங்கிலே சாய்ந்த தளங்களும் படிகளும் தூண்களும் ஒன்றையொன்று வெட்டி நிற்கும். அலெக்சாந்திரா எக்ஸ்டர் வரைந்த உடைகள் உலோகத் தகடும் கம்பியுமாய் மனிதரையே கட்டடங்களாக்கின. அங்கு ஆளுவோர் தமக்குத் தேவைப்படாத தொழிலாளரைக் குளிரறைகளில் உறையவைத்து அடுக்கிவிடுகின்றனர். வேலையில்லாத் திண்டாட்டத்தை இதனிலும் கூர்மையாக ஒரு படம் சொன்னதுண்டோ என ஐயுறுகிறேன். அந்தச் செவ்வாய் நகரம் முழுவதும் ஓர் எஞ்சினியரின் கனவெனத் தெரியும் முடிவுதான் சற்றே சலிப்பூட்டுவது.

'மெட்ரோபொலி'ஸைக் கடுமையாகத் தாக்கியவர் எச். ஜி. வெல்ஸ். நகரங்கள் மேலே அடுக்கப்படாமல் பக்கவாட்டிற் பரவுகின்றன. இயந்திரம் வளருமிடத்தில் உடலை முறிக்கும் வேலை குறையவேண்டும். ஆகவே இப்படம் மடமை என்றார். வாதம் ஓரளவு நியாயமே. தாமே எழுதி 1936இல் வெளிவந்த 'வரப்போகும் விடயங்கள்' என்ற ஆங்கிலப் படத்துக்கு லாங் செய்ததற்கு நேர்மாறானதைச் செய்க என அவர் அமைப்பாளருக்குக் கட்டளையிட்டார். லெ கோர்பூசியே மறுத்தார்; ஓவியர் லெஜேயின் வரைபுகள் ஏற்கப்படவில்லை; மொஹொலி-நொஜ் செய்தவற்றிற் சிறு துணுக்குகளே எஞ்சின. ஈற்றில் வின்சென்ட் கோர்டா அமைத்த 2036ஆம் ஆண்டு நகரம் வெண்மையானது, தூய்மையானது, பூமிக்குள் குடைந்தது. அதிலே அழுக்கில்லை; தொழிலாளியும் இல்லை. நகரத்தைக் குடைந்தவை இராட்சத இயந்திரங்கள். ஆள்வோர் விஞ்ஞானியரும் விமானிகளும். லாங் தொழிலாளியைக் கீழே தள்ளினார். வெல்ஸ் அவனைப் படத்திலிருந்தே துடைத்துவிட்டார். இவற்றுள் எது பெரிய அநீதி என வாசகர் சிந்திக்கலாம். எனக்கு இரண்டாவதே அச்சமூட்டுகின்றது.

1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து எழுதிய '2001' படமும் (1968) இவ்வெண்மையின் வாரிசுதான். அதன் விண்வெளி நிலையத்திலே ஹில்டன் ஹோட்டலின் பெயர் தெரிகிறது. அங்கே செல்லும் கலம் பான் அமெரிக்கன் கம்பெனியுடையது. விண்வெளியை வெல்லும் மனிதன் கம்பெனியை வெல்வான் என எவரும் எண்ணவில்லை. அந்த விமானக் கம்பெனி 1991இல் மூடப்பட்டுவிட்டது.

ரிட்லி ஸ்கொட்டின் 'பிளேட் றனர்' (1982) வெண்மையைக் கைவிட்டு லாங்கிடமே திரும்பியது. 2019ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்செல்ஸ்; உச்சியிலே கூம்பகம்போன்ற மாளிகையில் கம்பெனி அதிபன்; அடியிலே ஓயாத மழை, நெரிசல், புகை. சிட் மீட், லோறன்ஸ் போல் ஆகியோர் புதிய நகரம் எதையும் கட்டவில்லை. பழைய கட்டடங்களின்மேல் குழாய்களையும் கம்பிகளையும் ஏற்றினர். இருப்பதை இடித்துப் புதிதாய்க் கட்டும் நம்பிக்கைகூட அற்றுப்போன சமுதாயம் எவ்வாறிருக்கும் என்பதை அந்தக் குழாய்கள் சொல்கின்றன.

அவர்கள் பயன்படுத்திய பழைய கட்டடங்களுள் ஒன்று பிராட்பரி கட்டடம். 1893இல் சுரங்கச் செல்வர் ஒருவருக்காகக் கட்டப்பட்டது. அமெரிக்க எழுத்தாளர் எட்வேர்ட் பெலாமி 1888இல் வெளியிட்ட நாவல் ஒன்றிலே 2000ஆம் ஆண்டின் பொஸ்டன் நகரம் வருகிறது; வறுமையும் தனியுடைமைப் போட்டியும் ஒழிந்த நகரம் அது. அங்கே மக்களின் பொதுப் பண்டசாலை ஒன்றின் நடுமண்டபத்தில் மேலேயுள்ள கண்ணாடிக் கவிகையினூடாகப் பகலொளி பொழிகின்றது. பிராட்பரி கட்டடத்தை வரைந்த ஜோர்ஜ் வைமன் அப்பக்கங்களைப் படித்தே கண்ணாடிக் கூரையிட்ட தமது நடுமுற்றத்தை அமைத்தார் என்று சொல்லப்படுகிறது. ஸ்கொட்டின் படத்திலே அக்கட்டடத்தில் பொம்மை செய்யும் ஒருவன் தனியே குடியிருக்கிறான். தரையெங்கும் குப்பை, மழைநீர் சொட்டுகின்றது. கண்ணாடிக் கூரையினூடாக இப்போதும் ஒளி விழுந்து சுவர்களிலே நகர்கின்றது. வேற்றுலகக் குடியேற்றங்களுக்கு ஆள்சேர்க்க வானில் ஊர்ந்து திரியும் விளம்பரக் கப்பலின் விளக்கு அது.