எண்ணப்படாத பாதி: மலையகத் தோட்டங்களின் நீள்கொம்பு வண்டுகளும் அவற்றின் வகைப்பாடும்

இலங்கையின் நீள்கொம்பு வண்டுகளை அறிய விரும்புபவர் இரண்டு ஆவணங்களிலிருந்து தொடங்க வேண்டும். முதலாவது, நீள்கொம்பு வண்டுக் குடும்பமான செரம்பிசிடே பற்றிச் சார்லஸ் ஜோசப் கஹன் 1906இல் வெளியிட்ட தொகுதி. பிரித்தானிய இந்தியாவின் விலங்கினங்களை விவரித்த நூல்வரிசையில் இந்தியா, பர்மாவோடு இலங்கையையும் சேர்த்து எழுதப்பட்ட நூல் அது. இரண்டாவது, ஜப்பானிய, இலங்கை ஆய்வாளர்கள் இணைந்து 2008இல் வெளியிட்ட பெயர்ப்பட்டியலின் முதற்பகுதி. இரண்டுக்கும் இடையே ஒரு நூற்றாண்டு கடந்திருக்கிறது. ஆனாலும் இரண்டும் ஒரே துணைக்குடும்பத்தை வெளியே நிறுத்தின. அதன் பெயர் லாமியினே.

விடுபட்டது சிறு பகுதியன்று. உலகில் பெயரிடப்பட்ட நீள்கொம்பு வண்டுகள் 35,000க்கு மேல். அவற்றில் 20,000க்கு மேற்பட்டவை லாமியினேயைச் சேர்ந்தவை. அப்படியிருக்க, தேயிலை மலைகளில் வண்டுகளின் பன்மை குறைந்துவிட்டது என்றோ, தோட்டங்கள் உயிர்வளம் வற்றிய நிலம் என்றோ சொல்வதற்கு எந்த எண்ணிக்கையை ஆதாரமாகக் கொள்கிறோம்? பாதிக்கு மேல் எண்ணாமல் விட்ட கணக்கைக் கொண்டு இழப்பையும் அளக்க முடியாது, வளத்தையும் அளக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வகைப்பாட்டை அருங்காட்சியக அலுமாரிக்குள் நடக்கும் பெயர் மாற்றும் வேலையாகக் கருதுவோர் உண்டு. இக்குடும்பத்தைப் பொறுத்தவரை அது தவறு. ஒரு வண்டைக் கையில் எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தாலே காரணம் விளங்கும். கண்ணின் உள்விளிம்பு குழிந்து உணர்கொம்பின் அடியை வளைத்து நிற்கும். பாதத்தில் நான்கு கணுக்களே இருப்பதாகத் தோன்றும், உண்மையில் ஐந்து. நான்காவது மிகச் சிறியதாக, ஐந்தாவதன் அடியில் ஒளிந்திருக்கும். விரலிடையில் பிடித்தால் பல இனங்கள் முன்மார்பை அசைத்து உரசிக் கிறீச்சென்று ஒலி எழுப்பும். இவை குடும்பத்துக்குப் பொதுவானவை. துணைக்குடும்பம் எது என்று அறிய முகத்தைப் பார்க்க வேண்டும். லாமியினேயின் முகம் செங்குத்தாகக் கீழிறங்கும். வாயருகே உள்ள உணரிழையின் கடைசிக் கணு கூராக முடியும். முன்காலின் உட்புறத்தில் சாய்வாக ஒரு பள்ளம் ஓடும். செரம்பிசினேயின் முகம் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். அதன் உணரிழை நுனி வெட்டிவிட்டது போலத் தட்டையாக இருக்கும். பிரியோனினேயின் முன்மார்புக்குப் பக்கவிளிம்பு உண்டு, பலவற்றில் முட்களோடு.

இந்த உறுப்பு வேறுபாடுகளோடு வாழ்க்கை முறையும் வேறுபடுகிறது. பிரியோனினே பெரும்பாலும் பருத்த, உளுத்த மரத்தையும் வேரையும் நாடும். செரம்பிசினேயின் பெண் பொதுவாகப் பட்டையின் வெடிப்பைத் தேடி முட்டையிடும். லாமியினேயின் பெண்ணோ தன் தாடையாலேயே பட்டையைக் கடித்துக் கீறி அதற்குள் முட்டையை வைக்கும். அதனால்தான் அவை விரலளவு சுள்ளியிலும் கொடியிலும் பூண்டுச் செடியின் தண்டிலும்கூடப் பரவியிருக்கின்றன. தென்னிந்தியத் திராட்சைத் தோட்டங்கள் நன்கறிந்த ஸ்தீனியாஸ் கிரிசேட்டர் இதற்குத் தெளிவான சான்று. பெண்வண்டு உயிருள்ள கொடியைச் சுற்றிலும் வளையமாகக் கடித்துவிடும். வளையத்துக்கு மேலே உள்ள பகுதி வாடிக் காயும். காய்ந்த அந்தப் பகுதிதான் புழுவுக்கு உணவு. ஆக, லாமியினேயை விட்டுவிட்ட பட்டியல் சுள்ளிகளையும் கொடிகளையும் சார்ந்த ஒரு வாழ்வுலகத்தையே விட்டுவிடுகிறது.

குடும்பத்தின் எல்லையும் அசையாமல் நின்றதில்லை. கஹன் காலத்தில் முதிர்ந்த வண்டின் வெளியுருவமே அளவுகோல். பின்னர் புழுக்களின் தலையையும் வாயுறுப்புகளையும் ஒப்பிட்டவர்கள் வெஸ்பெரிடே, டிஸ்டெனிடே ஆகியவற்றைத் தனிக் குடும்பங்களாகப் பிரித்தார்கள். 2008ஆம் ஆண்டுப் பட்டியல் வெஸ்பெரிடேயைத் தலைப்பிலேயே தனியாகக் குறிப்பிடுவது இதனால்தான். பழைய பதிவுகளை இன்றைய பெயர்களோடு பொருத்தாமல் இரு காலத்து எண்ணிக்கைகளை ஒப்பிடுவது பிழையான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

லாமியினேயை யாருமே தொடவில்லை என்பதல்ல. ஸ்டெஃபான் ஃபொன் புரோய்னிங் தம் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான லாமியினே இனங்களுக்குப் பெயரிட்டார். இலங்கை இனங்களும் அவற்றில் அடங்கும். ஆனால் அவருடைய விவரிப்புகள் பல மிகச் சுருக்கமானவை, படமில்லாதவை, பல இதழ்களில் சிதறிக் கிடப்பவை. தலவாக்கலையிலோ பேராதனையிலோ இருந்து ஒரு வண்டை இனங்காண முயலும் மாணவருக்கு அவை எளிதில் கைகொடுப்பதில்லை.

ஒப்பிடுவதற்குரிய பழைய அடித்தளமோ நம்மிடம் இருக்கிறது. தேயிலை வணிகராகவும் வண்டியலாளராகவும் விளங்கிய ஜோர்ஜ் லூயிஸ் 1881-82இல் இலங்கையில் சேகரித்த வண்டுகளின் சீட்டுகளில் டிக்கோயா, பொகவந்தலாவை என்ற ஊர்ப்பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பொகவந்தலாவைச் சீட்டுகளில் 4,900 முதல் 5,200 அடி வரை என்று உயரமும் குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் காலத்தை எண்ணிப் பாருங்கள். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்துக்கொண்டிருந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. காடு, காப்பி, தேயிலை மூன்றும் அருகருகே நின்ற நாட்களின் மாதிரிகள் அவை. ஒரு தோட்டப் பகுதியின் மாற்றத்தை அளக்க இதைவிடப் பொருத்தமான தொடக்கப்புள்ளி கிடைப்பது அரிது.

பிறகு வந்த பூச்சியியல் பயிர்ப் பகையின் பின்னால் சென்றது. பூண்டுலோயாவில் தோட்டத்துரையாக இருந்து அரச பூச்சியியலாளரான ஈ. ஈ. கிரீன் 1890இலேயே தேயிலைப் பூச்சிகளைப் பற்றி எழுதினார். 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்தபின், ஷொட் ஹோல் போரர் எனப்படும் சிறு துளைவண்டு பெருங்கவனம் பெற்றது. கொழுந்தை நம்பி வாழும் சனங்கள் இருக்கும் இடத்தில் அது நியாயமே. ஆனால் பகையல்லாத பூச்சி ஆய்வுக்கு உரியதல்ல என்ற பழக்கமும் கூடவே வேரூன்றிவிட்டது. இதை நான் ஏற்கவில்லை. செத்த மரத்தை உளுக்கச் செய்து மண்ணுக்குத் திருப்பும் வேலையில் பூஞ்சைகளோடு இவ்வண்டுகளின் புழுக்களுக்கும் பங்குண்டு.

தோட்டம் என்பது வெறும் தேயிலைச் செடி மட்டுமன்று. நிழலுக்கு நட்ட சவுக்கு, அல்பீசியா, விறகுக்கு நட்ட டர்பன்டைன், ஓடைக்கரையில் எஞ்சிய காட்டுத் துண்டு, லயத்துப் பின்புறத்து மரக்கறிப் பாத்தி எல்லாம் சேர்ந்ததே தோட்டம். அல்பீசியாவைத் துளைக்கும் சைஸ்ட்ரோசெரா குளோபோசா பட்டியலில் உண்டு, அது செரம்பிசினே என்பதால். அதே மரத்தின் சுள்ளிகளில் என்ன வாழ்கிறது என்பதற்கு அப்பட்டியலில் பதிலில்லை.

செய்ய வேண்டிய வேலைக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கவ்வாத்து வெட்டிய மலையின் காய்ந்த குச்சிகளையும், நிழல்மரங்களில் கழித்த கிளைகளையும், காட்டோரத்தில் விழுந்த சுள்ளிகளையும் மரவாரியாகப் பிரித்து வலையிட்ட பெட்டிகளில் வைத்து, வண்டுகள் வெளிவரும்வரை காத்திருந்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் மலை எண், உயரம், மரம், நாள் நான்கும் எழுதிய சீட்டு வேண்டும். எந்தக் கிளையில் புழு இருக்கிறது என்பதை விறகு பிளப்பவர்களும் கவ்வாத்துக்காரர்களும் அன்றாடம் பார்க்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் பதிவில் சேர்க்க வேண்டும். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் பேராதனைப் பல்கலைக்கழகமும் இதைக் கூட்டாக எடுத்துச் செய்ய வேண்டும். லூயிஸ் சேகரித்த டிக்கோயாவிலும் பொகவந்தலாவையிலும் தொடங்கட்டும், லாமியினேயிலிருந்து தொடங்கட்டும்.