அறிவொளி இயக்கம், புதுக்கோட்டை

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்தும் எளிய கணக்கும் கற்பிக்க, 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்கள் இயக்கம். 1988-இல் உருவான தேசிய எழுத்தறிவு இயக்கம் இதன் பின்புலம். மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் கைகோத்தன. வீதி நாடகங்களும் பாட்டுகளும் ஊர்களைத் திரட்டின. தொண்டர்கள் ஊதியமின்றிப் பாடம் நடத்தினர். கற்க வந்தோரில் பெரும்பாலோர் பெண்கள். கூலி வேலை செய்வோரும் கல்குவாரித் தொழிலாளரும் அவர்களில் உண்டு.

அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியையும் இதில் சேர்த்தார். இயக்கத்தின் ஆகப் பெரிய சாதனை இதுவே. தண்ணீர் எடுக்கவும் விளைபொருள் விற்கவும் பேருந்தையோ வீட்டு ஆண்களையோ எதிர்பார்த்திருந்த பெண்கள், பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு தாங்களே போய்வந்தனர். தன்னம்பிக்கை பெற்ற கைகளுக்கு எழுத்தும் எளிதில் வசப்பட்டது. முதியோர் கல்வித் திட்டம் வகுப்போர் முதலில் படிக்க வேண்டிய அனுபவம் இது.