கிஸ்ஸிமி சலூனில் கேட்ட ஒடிசேயா

2017-இல் வேலை நிமித்தம் ஃப்ளோரிடாவின் கிஸ்ஸிமியில் இருந்தேன். புவேர்ட்டோ ரிக்கோக்காரர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊர். நான் முடிவெட்டப் போகும் சலூன்காரரும் அந்தத் தீவுக்காரர்தான். வருகிற ஆண் யாராயிருந்தாலும், பத்து வயதோ எழுபது வயதோ, அவருக்கு 'பாப்பி'. கண்ணாடிக்குக் கீழே, சீப்புகள் ஊறும் நீலத் தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் அவருடைய போன் பாடிக்கொண்டே இருக்கும். அந்த ஆண்டு முழுக்க அதில் பெரும்பாலும் ஒரே குரல்: மெலிந்து, உச்சத்தில், மூக்கடைத்துக்கொண்டு கெஞ்சுவது போல. ஒசுனா.

ஆகஸ்ட் 25 அன்று அவருடைய முதல் ஆல்பம் 'ஒடிசேயா' வெளிவந்தது. அடுத்த முறை போனபோது, "புது ஆல்பம் வந்துடுச்சாமே?" என்று கேட்டேன். மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "புதுசா? இதுல பாதி ஏற்கெனவே என் போன்ல இருக்கு, பாப்பி."

அந்த ஆல்பத்தின் கதையில் முக்கால்வாசி அந்த ஒரு வரியில் அடக்கம். ஹுவான் கார்லோஸ் ஒசுனா 1992-இல் சான் ஹுவானில் பிறந்தவர். அப்பா டொமினிகன் வம்சம். புவேர்ட்டோ ரிக்கோ ராப்பின் முன்னோடி விகோ சி-யின் மேடையில் ஆடியவர். மகனுக்கு மூன்று வயதிருக்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். பாட்டிதான் வளர்த்தார். பையன் 2012-இலிருந்து ஒவ்வொரு பாட்டாக வெளியே விட ஆரம்பித்தான். 2016-இல் 'தீலே கே தூ மே கியேரெஸ்' எல்லா ஊரிலும் ஒலித்தது. 'நீ விரும்புவது என்னைத்தான் என்று அவனிடம் சொல்லிவிடு' என்று அர்த்தம். ஆல்பம் என்று ஒன்று வருவதற்குள் ரசிகர்களுக்குப் பாதி மனப்பாடம்.

ஆனாலும் வந்த வாரமே பில்போர்டின் லத்தீன் ஆல்பம் பட்டியலில் முதலிடம். இறங்குவதும் ஏறுவதுமாக மொத்தம் 46 வாரம் அங்கே இருந்தது. அப்போது அதற்கு முன்னால் இருந்தது 1993-இல் வந்த க்ளோரியா எஸ்தெஃபானின் 'மி தியேர்ரா' மட்டும்தான், 58 வாரம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. எஸ்தெஃபான் காலத்தில் ஒருவர் கடைக்குப் போய் ஒரு தட்டு வாங்கினால் ஒன்று என்று கணக்கு. வீட்டில் ஆயிரம் முறை போட்டுக் கேட்டாலும் அதே ஒன்றுதான். 2017 தொடக்கத்தில்தான் இந்தப் பட்டியல் இணையத்தில் கேட்பதையும் சேர்த்துக்கொண்டது. அப்போதைய கணக்கில் 1,500 தடவை ஒலித்தால் ஓர் ஆல்பம் விற்ற மாதிரி. என் சலூன்காரரின் போன் காலையிலிருந்து ராத்திரி வரை ஒசுனாவுக்கு ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டுகள் எப்படி? ஆல்பத்தை ஒரே மூச்சில் கேட்டால் பத்தாவது பாட்டுக்குள் கெஞ்சல் அலுத்துவிடும் என்பது என் அபிப்பிராயம். தனித்தனியாகக் கேட்டால் 'எல் ஃபர்சாந்தே' ஒன்றே போதும். வேஷக்காரன் என்று பொருள். 2018 ஜனவரியில் பச்சாத்தா பாடகர் ரோமியோ சாந்தோஸ் சேர்ந்து பாடி அதன் மறுவடிவம் வந்தது. இரண்டு கெஞ்சல் குரல்கள், ஒரே பாட்டில்!

ஒசுனா பாடுவது ரெகேடோன். அதில் காதலை அவர் கண்டுபிடித்துவிடவில்லை. 2004-இலேயே சியோனும் லெனக்ஸும் உருகினார்கள்; 'ஒடிசேயா'வில் அவர்களுக்கும் ஒரு பாட்டு உண்டு. 2006-இல் ஆர்.கே.எம்., கென்-ஒய் ஜோடி 'மாஸ்டர்பீஸ்' என்ற முதல் ஆல்பத்தில் காதலைத் தவிர வேறு எதையும் பெரிதாகப் பேசவில்லை. அந்த வழியில் வந்த பையன்தான் இவர்.

அதற்கும் முந்தைய கதை வேறு மாதிரி. பனாமா கால்வாய் வெட்டப் போன கரீபியத் தீவுக்காரர்களின் வாரிசுகள் ரெகேயை ஸ்பானிஷில் பாடினார்கள். ஜமைக்காவின் ஷாபா ரேங்க்ஸ் பாடிய 'டெம் போ'வின் தாளம் சான் ஹுவானுக்கு வந்து அங்கேயே குடியேறியது. டிஜே ப்ளேயெரோ போன்றவர்களின் கேசட்டுகள் கைமாறிக் கைமாறித் தீவெங்கும் போயின. அரசுக் குடியிருப்புகளின் வாழ்க்கையை, துப்பாக்கியை, படுக்கையை ஒளிவுமறைவில்லாமல் பேசிய பாட்டுகள். 1995-இல் ஆபாசம் என்று சொல்லி போலீஸ் கடைகளுக்குள் நுழைந்து கேசட்டுகளை அள்ளிப்போனது. 2002-இல் ரெகேடோனுக்கு ஆடும் பெர்ரெயோ ஆட்டத்துக்கு எதிராக செனட்டர் வெல்தா கோன்சாலெஸ் விசாரணையே நடத்தினார். இரண்டு வருஷத்தில் டாடி யாங்கியின் 'கசோலினா' உலகம் சுற்றியது.

நான் சிறுவயதில் மிருதங்கம் கற்று, பாதியில் விட்டவன். அந்த 'டெம் போ' தாளத்தை முதலில் கேட்டபோதே கை தானாகத் தொடையைத் தட்டியது: தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு. அடியில் ஒரே சீராக விழும் கனத்த கொட்டு, அதன் மேல் இந்தக் கணக்கில் விழும் தட்டு. இவ்வளவுதான் சரக்கு.

ஆல்பம் வந்து 26-ஆம் நாள், செப்டம்பர் 20 அன்று, மரியா புயல் புவேர்ட்டோ ரிக்கோவின் மேல் ஏறியது. தீவு முழுக்க மின்சாரம் போனது; கடைசி வீடுகளுக்குத் திரும்பி வர ஒரு வருஷம் நெருங்கிவிட்டது. பட்டியலில் கொடிகட்டிய பாட்டுகளை, அவை பிறந்த ஊரில் போட்டுக் கேட்கப் போனுக்கு சார்ஜ் இல்லை. சலூன்காரரின் அம்மா மலைப்பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்தார். பதினோரு நாள் தகவல் இல்லை. அந்தப் பதினோரு நாளும் சலூனில் பாட்டும் இல்லை.

நவம்பரில் அம்மாவை அழைத்து வந்துவிட்டார். நான் போன அன்று அம்மா ஓரத்து நாற்காலியில் ஸ்வெட்டருக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தார். போனில் ஒசுனா. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மகனிடம் ஏதோ சொன்னார். மகன் சிரித்தபடி எனக்கு மொழிபெயர்த்தார். போலீஸ் வந்த அந்த வருஷம், இவர் மெத்தைக்கடியில் ஒளித்து வைத்திருந்த கேசட்டை அம்மா எடுத்துக் குப்பையில் எறிந்தாராம். "அந்தக் கேசட்டு இந்த மாதிரி இருந்திருந்தா எறிஞ்சிருக்கவே மாட்டேன்கறாங்க, பாப்பி."

பிறகு அம்மா பக்கம் திரும்பி, நாற்காலியின் கைப்பிடியில் சீப்பால் தட்டிக் காட்டினார். தகிட தகிட தக.

"அதே கொட்டுதான், மாமி."