சாத்தானின் விரல் தடமா?

ஸ்பெயின் நாட்டில், மாட்ரிட் நகருக்கு வடமேற்கே, செகோவியா என்றொரு மலைநகர் உண்டு. அந்நகரின் நடுவே, சதுக்கத்தின் குறுக்கே, வளைவின்மேல் வளைவாக எழுந்து நிற்கிறது ரோமானியர் கட்டிய நீர்ப்பாலம். வளைவுகள் 167. கருங்கற்கள் 20,000க்கும் மேல். மிக உயர்ந்த இடத்தில் 28 மீட்டர், அதாவது 90 அடிக்கும் மேற்பட்ட உயரம். கல்லையும் கல்லையும் ஒட்டவைக்கச் சுண்ணாம்புச் சாந்து ஒரு கரண்டியேனும் பூசப்படவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுந்த அந்தக் கட்டடம், இன்றும் நிமிர்ந்து நிற்கிறது.

உற்றுப் பார்ப்போர்க்கு அந்தக் கற்களில் சிறு சிறு குழிகள் தெரியும். அவை என்ன? ஊரார் வழிவழியாகச் சொல்லிவந்த விடை ஒன்றுண்டு: சாத்தானின் விரல் பதிந்த தடங்கள்!

கதை இதுதான். தண்ணீர் சுமக்கும் ஏழைப் பெண் ஒருத்தி, மேட்டிலும் பள்ளத்திலும் குடம் தூக்கி அலுத்தாள். சாத்தான் வந்தான். “சேவல் கூவுமுன் உன் வீட்டு வாயிலுக்கு நீரைக் கொண்டுவருகிறேன், உன் ஆன்மாவைத் தருவாயா?” என்றான். இசைந்தாள். இரவோடு இரவாகக் கற்கள் பறந்தன, வளைவுகள் எழுந்தன. அஞ்சிய பெண் இறைவனை வேண்டினாள். கடைசிக் கல்லை வைக்குமுன் பொழுது விடிந்தது. சாத்தான் தோற்றான், ஆன்மா பிழைத்தது. கல் வைக்கப்படாத அந்த இடத்தில் மாதா சிலை வைக்கப்பட்டது என்று கதை முடிகிறது.

சுவையான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கட்டியவன் சாத்தான். காத்தவள் மாதா. வேண்டியவள் பெண். கல் உடைத்தவன் எங்கே? வடம் இழுத்தவன் எங்கே? தோளில் காய்ப்பு ஏறியவன் எங்கே? அவனுக்குக் கதையில் ஓர் ஓரம்கூட இல்லை!

இக்கதை எப்படிப் பிறந்திருக்கும்? ரோமப் பேரரசு சாய்ந்தது. அதன் கட்டடக் கலையைக் கற்றோர் குறைந்தனர். கட்டடம் மட்டும் நின்றது. பின்னே வந்தவன் அண்ணாந்து பார்த்தான், “மனிதனால் ஆகுமா இது?” என்று மலைத்தான். ஆகாது என்று முடிவு கட்டிவிட்டால், ஆண்டவனையோ அலகையையோ தவிர வேறு யாரைக் கைகாட்டுவான்? அறிவு வெளியேறிய வீட்டில் அற்புதம் குடியேறுவது எந்நாட்டிலும் உள்ள வழக்கம்.

அறிவுக் கண்கொண்டு பார்த்தால் அந்தக் குழிகள் வேறு கதை சொல்கின்றன. கல்லின் இரு பக்கமும் குழி வெட்டி, அதில் இரும்புக் கிடுக்கியின் முனைகளைப் பொருத்துவார்கள். வடத்தை மேலே இழுக்க இழுக்க, கல்லின் எடையே கிடுக்கியை இறுகப் பிடிக்கச் செய்யும். கப்பியும் வடமும் பூட்டிய மரத்தூக்கி, கல்லை உச்சிக்குக் கொண்டுபோகும். வளைவு எழும்வரை மரச்சட்டம் தாங்கும். ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களை இருபுறமும் அடுக்கி, நடுக்கல்லைப் பொருத்தியபின் சட்டத்தை அகற்றுவார்கள். அதன்பின் கல்லைக் கல் தாங்கும். மேலிருந்து அழுத்தும் பாரமே கற்களை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்கும். சாந்து எதற்கு? சாத்தான்தான் எதற்கு?

நீர் வந்த வழியும் அப்படியே. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், மலையில் ஓடும் ஃப்ரியோ ஆற்றில் நீரைத் திருப்பினர். வழியில் தொட்டி அமைத்து மணலைப் படியவிட்டுத் தெளிந்த நீரை மேலே அனுப்பினர். ஓட்டம் தடைபடாதபடி வாய்க்காலுக்குச் சரிவு அளந்தனர். மந்திரத்தால் ஓடவில்லை அந்த நீர்; மட்டம் பார்த்த கண்ணால் ஓடியது.

ரோமின் புகழ் பாடுவதற்காக இதைக் கூறவில்லை. அந்தப் பேரரசின் மாளிகைகளுக்கு அடியில் அடிமைகளின் எலும்பு உண்டு. கி.பி. 97இல் ரோமாபுரியின் நீர்த்துறைத் தலைவராக அமர்ந்த ஃப்ரோண்டினஸ் எழுதிய நூல் இன்றும் கிடைக்கிறது. எகிப்தின் பிரமிடுகளைப் பயனற்றவை என்று ஒதுக்கி, மக்களுக்கு நீர் தரும் தம் கால்வாய்களே மேல் எனப் பெருமை கொள்கிறார் அவர். பெருமை நியாயமே! ஆனால் அதே நூல், அந்தக் கால்வாய்களைப் பேணிய அடிமைகளின் கணக்கையும் தருகிறது: அரசுக்குரியோர் 240, பேரரசனுக்குரியோர் 460, ஆக 700 பேர். தொகை இருக்கிறது; பெயர் இல்லை.

செகோவியாவிலும் அப்படியே. பாலத்தின் நெற்றியில் ஒருகாலத்தில் வெண்கல எழுத்துகள் பதித்திருந்தார்கள். எழுத்துகள் உதிர்ந்து, அவற்றைத் தாங்கிய ஆணித் துளைகளே எஞ்சின. கேசா அல்ஃபோல்டி என்னும் அறிஞர் அத்துளைகளை ஆராய்ந்து, பேரரசன் டிராஜன் பெயரையும் நகர நடுவர் இருவர் பெயரையும் படித்தறிந்தார். ஆணையிட்டவன் பெயரை வெண்கலத்தில் பொறித்தனர். கல் தூக்கியவன் பெயரைக் காற்றில் விட்டனர். எஞ்சியதை அலகைக்குக் கொடுத்தது கட்டுக்கதை! அரசனும் பறித்தான், அலகையும் பறித்தான்.

இன்னொன்றும் கேளுங்கள். இடிந்து கிடந்த 36 வளைவுகளைப் பதினைந்தாம் நூற்றாண்டில், இசபெல்லா அரசியின் காலத்தில், மீண்டும் எழுப்பினர். முன்னின்று செய்தவர் எஸ்கோபேதோ என்னும் துறவி. துறவியாயினும் அவர் சாத்தானை அழைக்கவில்லை; செபமாலை உருட்டியும் வளைவு எழவில்லை. கல்லை அளந்துதான், சாரம் கட்டித்தான் எழுந்தது.

1884இல் ஸ்பெயின் அரசு அதை நாட்டின் நினைவுச் சின்னமாக அறிவித்தது. 1985இல் யுனெஸ்கோ, பழைய நகரத்தோடு சேர்த்து, உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் தந்தது. வளைவுகளுக்கு அடியே ஓடிய ஊர்திகளின் புகையும் அதிர்வும் கல்லை அரிப்பது கண்டு, 1992இல் போக்குவரத்தையே நிறுத்தினர். அரித்தது அலகையன்று, காத்ததும் ஆண்டவனன்று. ஆய்ந்தறிந்து காத்தவர்கள் மனிதர்கள்.

ஆயினும் கதை சாகவில்லை. கைப்பேசியில் தன்னைத் தானே படமெடுக்கும் சாத்தானுக்கு அந்நகரில் ஒரு சிலை செய்தார்கள். “சாத்தான் இவ்வளவு இனிமையாகச் சிரிக்கலாமா?” என்று பக்தர்கள் பல்லாயிரவர் கையெழுத்திட்டனர். 2018இல் வழக்கு நீதிமன்றம் ஏறியது. 2019இல் சிலை நிலைபெற்றது. சாத்தானின் சிரிப்புக்கு வழக்காட ஆளுண்டு, தோழர்களே! உழைத்தவனின் வியர்வைக்கு வழக்காடுவது யார்?

நாம்தான். நினைவுச் சின்னத்தைக் காப்பது கல்லைக் காப்பதோடு முடிவதன்று. அக்கல் யாருடைய கைவினை என்ற உண்மையையும் காக்கவேண்டும். எங்கேனும் ஒரு பெருங்கட்டடத்தைக் காட்டி, “இது மனிதனால் ஆனதன்று” என்று எவரேனும் சொன்னால், அவர் ஓர் உழைப்பாளியின் கூலியைச் செத்தபின்னும் பறிக்கிறார் என்று அறியுங்கள். அந்தக் குழிகள் சாத்தானின் விரல் தடங்களல்ல. பெயரெழுத இடம் கிடைக்காத தொழிலாளி விட்டுச்சென்ற கையெழுத்து அவை.