மடிப்பாலும் மனப்பரிவும்: விலங்குகளில் ஆக்சிடோசினின் பங்கு

வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத் தொழுவங்களில் நாட்டு மாட்டைக் கறக்கும்முன் கன்றை அவிழ்த்துவிடுவது வழக்கம். கன்று மடியை முட்டி ஊட்டத் தொடங்கிய ஓரிரு நிமிடத்தில் காம்புகள் விறைத்துப் பால் இறங்கும். பிறகு கன்றை இழுத்துத் தாயின் முகத்தருகே கட்டுவார்கள். தாய் அதை நக்கிக்கொண்டே நிற்கும். கன்று கண்ணில் படாவிட்டால் சில மாடுகள் பாலை எக்கிக்கொள்ளும். கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோல் திணித்து முன்னால் நிறுத்துவதும் உண்டு. பாலும் பாசமும் சேர்ந்தே வருவதால் இரண்டையும் ஆக்சிடோசின் என்ற ஒரே பொருளின் கணக்கில் எழுதிவிடத் தோன்றும். சான்றுகள் அதற்கு இடம்தரவில்லை.

ஒன்பது அமினோ அமிலங்களாலான இந்த ஹார்மோன் மூளையின் ஹைப்போதலாமசில் உருவாகி, பிட்யூட்டரியின் பின்பகுதி வழியே இரத்தத்தில் கலக்கிறது. மடியில் பால் நிறைந்த நுண்ணறைகளைச் சுற்றியுள்ள செல்களைச் சுருக்கிப் பாலை வெளியேற்றுகிறது. 1953இல் வின்சென்ட் டு விக்னோ இதை ஆய்வகத்தில் உருவாக்கினார். 1955இல் நோபல் பரிசு பெற்றார். செயற்கை ஆக்சிடோசின் எளிதில் கிடைக்கத் தொடங்கியதும், கன்றுக்குப் பதிலாக ஊசியைப் பயன்படுத்தும் கொடுமை இந்தியாவின் பல பகுதிகளில் புகுந்தது. கறவையைக் கூட்டுவதற்காக உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு குற்றமாக்குகிறது.

ஊசி பாலை இறக்கும், பாசத்தைத் தராது. இரத்தத்திலுள்ள ஆக்சிடோசின் மூளைக்குள் மிகச் சிறிதளவே நுழையும். 1987இல் கென்ட்ரிக், கெவர்ன், பால்ட்வின் ஆகியோர், ஈஸ்ட்ரோஜன் கொடுத்துத் தயார்செய்த சினையில்லாத செம்மறிகளின் மூளை அறைகளுக்குள்ளேயே இதைச் செலுத்தியபோதுதான், அவை அந்நியக் குட்டியிடம் தாய்போல் நடந்துகொண்டன. இதற்கு நேர்மாறானது 1996இல் வெளியான சுண்டெலி ஆய்வு. ஆக்சிடோசின் மரபணு நீக்கப்பட்ட தாய்ச் சுண்டெலிகள் குட்டிகளை வழக்கம்போலப் பேணின; பால்தான் வரவில்லை, குட்டிகள் மாண்டன. ஆகவே, பால் வெளியேற இது இன்றியமையாதது. பாசத்தைத் தூண்டும் வழிகளில் ஒன்று மட்டுமே.

தாய்மைக்கு அப்பாலும் இதே சிக்கல் தொடர்கிறது. 2016இல் பர்க்கெட் குழுவினர் புல்வெளி வோல் என்னும் கொறிவிலங்கை ஆராய்ந்தனர். இலேசான மின்னதிர்ச்சிக்கு ஆளான கூட்டாளி திரும்பிவந்ததும் மற்றது அதை நெடுநேரம் நக்கித் தேற்றியது. மூளையின் முன்புறச் சிங்குலேட் புறணியில் ஆக்சிடோசின் ஏற்பிகளைத் தடுத்தபோது தேற்றுதல் நின்றுபோனது. முன்பின் அறியாத விலங்குக்கோ தொடக்கத்திலேயே அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. நீரில் தவிக்கும் தோழனுக்குக் கதவைத் திறந்துவிடும் எலிகளிடமும், அதே பகுதியில் ஏற்பிகளைத் தடுத்தால் உதவக் கற்பது தாமதமாகிறது என்று யமகிஷி குழுவினர் 2020இல் காட்டினர்.

அப்படியானால் உதவி யாருக்குக் கிடைக்கிறது? 2014இல் பார்ட்டல் குழுவினர், பிறந்தது முதல் வேற்றின எலிகளோடு வளர்க்கப்பட்ட எலிகளைச் சோதித்தனர். சிக்கிக்கொண்ட வேற்றின எலிகளை அவை விடுவித்தன. தம் சொந்த இனத்து அந்நியர்களை விடுவிக்கவில்லை. வீட்டாரிடம் குழைந்து புதியவரைப் பார்த்து உறுமும் ராஜபாளையம் நாயையும் ஆக்சிடோசின் அளவைக் கொண்டு மட்டும் விளக்க முயல்வது பிழையாகும். அது யாரோடு வளர்ந்தது என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டும்.